ஓய்ந்தது உதிரம், ஓயவில்லை உழைப்பு!

சென்ற மாதத்தில் ஒருநாள். மாலை ஆறு மணி இருக்கும். சங்க அலுவலகத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து போனஸ் பேச்சுவார்த்தைக்கான கணக்கைப் புரட்டிக் கொண்டிருந்தோம். தோழர் ஒருவர் வந்தார். நூற்பாலையில் 28 ஆண்டுகள் உழைத்தவர். ஊர்வலம் என்றால் முதல் வரிசை, உண்டியல் என்றால் முதல் காசு, மறியல் என்றால் முதல் கைது — அப்படிப்பட்டவர். வந்தவர் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, சங்க நிதியிலிருந்து ஒரு அறுபதாயிரம் கடனா வேணுங்க. மாசாமாசம் சம்பளத்துல புடிச்சுக்கலாங்க" என்றார்.

"எதற்கண்ணா?" என்று கேட்டேன்.

சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "வீட்ல உடம்புக்கு ஆகலீங்க. கர்ப்பப்பையை எடுத்தரணும்னு சொல்லிட்டாங்க."

பதறிப்போனேன். "கட்டியா? புற்றா?"

"அதெல்லாம் இல்லீங்க. ராத்திரியானா தூக்கமில்ல. திடீர் திடீர்னு மேலெல்லாம் தீப்புடிச்ச மாதிரி இருக்குதுங்கறா. குளிர்காலத்துலயும் வேர்த்து ஊத்துது. எடுத்ததுக்கெல்லாம் கோவம், கொஞ்ச நேரத்துல அழுகை. ரெண்டு மாசம் விலக்கு வர்றதில்ல, வந்தா நிக்கறதில்ல. ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம். 'நாப்பத்தேழு வயசாச்சு, புள்ளைகளைப் பெத்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்துப்போட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்'னு சொன்னாங்க."

இனி அது எதுக்கு! அந்த மூன்று சொற்கள் அன்றிரவு முழுவதும் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன.

தோழர்களே! அந்த நல்லவரைக் குறைகூற இதை எழுதவில்லை. ஆலையில் நூல் அறுந்தால், ஏன் அறுந்தது, எங்கே அறுந்தது என்று இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே சொல்லக்கூடியவர் அவர். பஞ்சப்படி எத்தனை பைசா உயர்ந்தது என்பதை நிர்வாகத்துக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்வார். ஆனால் கால் நூற்றாண்டு உடன்வாழ்ந்த துணைவியாரின் உடலிலே நடப்பது என்ன என்பது அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு மட்டுமா? உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாமல்தானே இருந்தது!

நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் என் தாயார் பக்கத்தில் இருக்கமாட்டார். வாசற்படியிலே ஈரத்துணியை மேலே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பகலிலே ஒரு பாத்திரம் கைதவறி விழுந்தால் அழுவார். அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்கள் தெரியுமா? காற்றுக் கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கையிலே கயிறு கட்டினார்கள், கோழி ஒன்றும் பலியாயிற்று. கோழி போனது, வேர்வை போகவில்லை. "உனக்கு என்ன செய்கிறது?" என்று அந்த அம்மையாரை ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவ நூலைப் படித்தபோதுதான், அது பேயுமல்ல, பிசாசுமல்ல, பெண்ணாய்ப் பிறந்த எவர்க்கும் வரும் பருவமாற்றம் என்று அறிந்தேன். அறிந்தபோது அம்மா இல்லை.

ஆகவே இன்று எழுதுகிறேன். ஆண்கள் படிக்கும் பத்தியிலே, ஆண்களுக்காகவே எழுதுகிறேன்.

மாதவிடாய் நின்றுபோதல் என்பது என்ன? 'மெனோபாஸ்' என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்களே, அந்தச் சொல்லைப் படைத்தவர் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் கார்டான், ஆண்டு 1821. சொல் வந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. செய்தி இன்னும் நம் வீட்டு வாசலுக்கு வந்தபாடில்லை!

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய இரண்டு சினைப்பைகளிலும் பத்து இலட்சம் முதல் இருபது இலட்சம்வரை கருமுட்டைகள் இருக்கின்றன. புதிதாக வருவதில்லை, இருப்பது குறைந்துகொண்டே போகும். பூப்பெய்தும் வயதில் மூன்று நான்கு இலட்சம் இருக்கும். மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளியேறுவது வாழ்நாளில் ஏறக்குறைய நானூறுதான். மற்றவை தாமாகவே அழிகின்றன. இருப்பு தீர்கிற காலம் வரும்போது, சினைப்பை சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரு சுரப்புநீர்களும் முதலில் ஏறி இறங்கித் தடுமாறுகின்றன, பிறகு வற்றுகின்றன. தடுமாறுகிற அந்த நாலைந்து ஆண்டுகளில்தான் விலக்கு ஒழுங்கு தப்புகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் விலக்கு வராமலிருந்தால், நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலோருக்கு 45க்கும் 55க்கும் இடையிலே இது நேரும். மேலைநாட்டுப் பெண்களுக்குச் சராசரி 51 வயது. நம் நாட்டிலே 46ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. 40 வயதுக்கு முன்பே நின்றால் அது இயல்பல்ல. மருத்துவரைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆண்கள் காதில் விழவேண்டும் என்பதற்காக. விலக்கு ஒழுங்கு தப்பிய காலத்திலும் கரு உண்டாகலாம். 50 வயதைத் தாண்டியவர்க்கு நின்று ஓராண்டு, அதற்குக் கீழே உள்ளவர்க்கு இரண்டாண்டு முடியும்வரை கருத்தடை தேவை. 'இனி என்ன' என்று இருந்துவிட்டுப் பிறகு விழிக்காதீர்கள்!

சரி, உடல் ஏன் தீயாய் எரிகிறது? மூளையின் அடிப்பகுதியிலே உடம்பின் சூட்டைச் சீராக வைக்கும் மையம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்த மையம் பதறிப்போகிறது. சிறிது சூடு ஏறினாலும், 'ஐயோ, கொதிக்கிறதே!' என்று தவறாகக் கணக்கிட்டு, தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி, வேர்வையைக் கொட்டவைக்கிறது. முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும், பிறகு குளிரும். நூற்றுக்கு எண்பது பெண்கள்வரை ஏதோ ஓரளவில் இதை அனுபவிக்கிறார்கள். ஓரிரு மாதமல்ல, சராசரியாக ஏழாண்டுகள்வரை நீடிக்கிறது. இரவிலே நாலைந்து முறை இப்படி எழுந்தால் உறக்கம் எங்கே? உறக்கமில்லாதவளுக்கு மறதி வராதா? சினம் வராதா? இரவுப் பணி தொடர்ந்து நாலு நாள் பார்த்தால் நமக்கு வருகிற சினம் நமக்குத் தெரியாதா? பல ஆண்டுகளாக இரவுப்பணி பார்ப்பவளிடம், "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்கிறோமே, நியாயமா?

வெளியே தெரிகிறவை இவை. தெரியாதவையும் உண்டு. பிறப்புறுப்பிலே வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி. சிறுநீரிலே அடிக்கடி கடுப்பு. கணவனிடம் சொல்ல வெட்கம், மகளிடம் சொல்ல வெட்கம், ஆண் மருத்துவரிடம் சொல்லவோ அச்சம். "ஒதுங்கிப் போகிறாளே" என்று ஊடல்கொள்ளும் தோழனே, அவள் ஒதுங்குவது உன்னைவிட்டல்ல, வலியைவிட்டு!

ஓசையில்லாமல் நடக்கிற கேடு இன்னொன்று: எலும்பு. ஈஸ்ட்ரோஜன் வற்றிய முதல் சில ஆண்டுகளிலே எலும்பு வேகமாகத் தேய்கிறது. அன்று தெரியாது. அறுபத்தைந்து வயதிலே ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும்போது தெரியும். அதைப்போலவே, நெஞ்சுநோயும் விலக்கு நின்றபின் பெண்களிடம் கூடுகிறது.

இப்போது அந்த அறுபதாயிரம் ரூபாய்க்கு வருவோம்.

இந்த எரிச்சலுக்கும் வேர்வைக்கும் காரணம் எது? சினைப்பை ஓய்வது. எடுக்கச் சொல்வது எதை? கருப்பையை! விளக்கு எரியவில்லை என்று வீட்டுக் கதவைக் கழற்றுவார் உண்டா? கருப்பையை எடுத்தபின்னும் சினைப்பைகள் இருந்தால், அவை ஓயும் காலத்தில் ஓயத்தான் செய்யும். எரிச்சல் வரத்தான் செய்யும். பல பெண்களுக்கு அந்த ஓய்வு சில ஆண்டுகள் முந்தியும் வந்துவிடுகிறது. 'கூடவே இருக்கட்டும்' என்று சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டாலோ, இயற்கை படிப்படியாக இறக்கிவிடும் பெண்ணைக் கத்தி ஒரே நாளில் மாடியிலிருந்து தள்ளிவிடுகிறது. சிறுவயதிலேயே அப்படிச் செய்யப்பட்டவர்க்கு எலும்புக்கும் நெஞ்சுக்கும் வரும் கேடு அதிகம்.

கருப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் என்றால் எடுக்கவேண்டும். எந்த மருந்துக்கும் அடங்காத இரத்தப்போக்கு என்றால் எடுக்கவேண்டியிருக்கலாம். பெரிய கட்டிகள், கருப்பை கீழிறங்குதல் — காரணங்கள் உண்டு. ஆனால் அதற்கு முன்னே வேறு வழிகள் இருக்கின்றனவே! இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரைகள் இருக்கின்றன. கருப்பைக்குள் பொருத்தி, ஐந்தாண்டுக்கு மேலாகச் சிறிது சிறிதாக மருந்து கசியும் சாதனம் இருக்கிறது. தசைக்கட்டிகள் பலவும் விலக்கு நின்றபின் தாமே சுருங்குகின்றன. இவற்றையெல்லாம் சொல்லாமல், எடுத்த எடுப்பிலேயே கத்தியைக் காட்டுவது மருத்துவமா, வாணிபமா?

வாணிபம் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சான்று கேட்பார்கள். தருகிறேன். மராட்டிய மாநிலத்திலே பீட் என்று ஒரு மாவட்டம். மழை பொய்த்த பூமி. ஆண்டுதோறும் கணவனும் மனைவியுமாக இலட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். இருவரும் சேர்ந்து ஒரு 'கொய்தா' — அதாவது ஒரு அரிவாள்! அப்படித்தான் கணக்கு. ஒருநாள் வெட்ட வராவிட்டால் 500 ரூபாய்வரை அபராதம். கரும்புக் காட்டிலே கழிப்பறை இல்லை, குளிக்க மறைவில்லை. விலக்கு நாளென்றால் ஓய்வில்லை. வலி என்று போனால் தனியார் மருத்துவமனைகளிலே சொன்ன பதில் என்ன? 'எடுத்துவிடு!' 2016க்கும் 2019க்கும் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அந்த ஒரே மாவட்டத்தில் 4,605 பெண்களுக்குக் கருப்பை நீக்கப்பட்டதாக, 2019இல் அம்மாநில நலத்துறை அமைச்சரே சட்டமன்ற மேலவையில் சொன்னார். பிறகு அரசுக் குழு 82,000க்கு மேற்பட்ட கரும்புத் தொழிலாளிப் பெண்களிடம் விசாரித்தபோது, 13,000க்கு மேற்பட்டோர் கருப்பை இழந்தவர்கள் என்று தெரிந்தது. இளம்பெண்கள், தோழர்களே! இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ளவர்கள்! கரும்பைப் பிழிந்தார்கள், சக்கை மட்டுமா வீசப்பட்டது?

பீகார், சத்தீஸ்கர், இராசஸ்தான் மாநிலங்களிலே ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை நீக்கியதாக எழுந்த வழக்கிலே, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மைய அரசு 2022இல் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்கவேண்டும் என்று ஆணையிட்டது. ஆந்திர மாநிலத்திலே, 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 9 பேரளவில் கருப்பை இழந்தவர்கள். நாட்டின் சராசரியோ நூற்றுக்கு மூன்றுதான். எல்லை கடந்தால் பெண்ணின் உடல் மாறிவிடுகிறதா? உடல் மாறவில்லை, பழக்கம் மாறுகிறது, பணம் புகுகிற வழி மாறுகிறது.

"சரி, கத்தி வேண்டாம் என்கிறாய். வேறென்ன வழி?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. வற்றிய சுரப்புநீரை வெளியிலிருந்து தருவது ஒரு வழி. ஹார்மோன் சிகிச்சை என்று பெயர். அதற்கொரு கதை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் அதை ஏற்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது.

1942இல் அமெரிக்காவிலே, சினைப்பட்ட குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1966இல் இராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் ஒரு நூல் எழுதி, விலக்கு நிற்பதையே ஒரு நோய் என்றார். மாத்திரை தின்றால் என்றும் இளமை என்றார். விற்பனை வானளாவியது. 1975இல் முதல் அடி விழுந்தது: ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே உண்டால் கருப்பை உட்சவ்விலே புற்றுநோய் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டின. கருப்பை உள்ளவர்க்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துத் தந்தால் அந்த ஆபத்து தடுக்கப்படுகிறது என்று கண்டார்கள். பிறகு 2002 ஜூலையில் பேரிடி! 16,608 பெண்களை வைத்து அமெரிக்க அரசு நடத்திய ஆய்வின் ஒரு பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. 'மார்புப் புற்று வருகிறது, மாரடைப்பு வருகிறது' என்று ஏடுகள் அலறின. உலகெங்கும் பெண்கள் மாத்திரையைக் குப்பையிலே எறிந்தார்கள்.

கணக்கைப் பார்ப்போமா? நாம்தான் பைசாக் கணக்குப் பார்ப்பவர்களாயிற்றே! அந்தக் கூட்டு மருந்தை 10,000 பெண்கள் ஓராண்டு உண்டால், உண்ணாதவர்களைவிட எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்புப் புற்று. ஏழு பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு. எட்டுப் பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதம். மறுபுறம், ஐந்து பேருக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவு. ஆறு பேருக்குப் பெருங்குடல் புற்று குறைவு. ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரே தீப்பற்றிய கதையுமல்ல. அதிலும் முக்கியமானது, அந்த ஆய்விலே சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63! விலக்கு நின்று பத்துப் பன்னிரண்டு ஆண்டானவர்களிடம் கண்டதை, நாற்பத்தேழு வயதுக்காரிக்கும் அப்படியே பொருத்திவிட்டார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகள் தெளிவாக்கின: 60 வயதுக்குள், அல்லது விலக்கு நின்று பத்தாண்டுக்குள், தகுந்தவர்க்குத் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி. தோலிலே ஒட்டும் பட்டை, பூசும் களிம்பு ஆகியவற்றில் இரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும், இம்மருந்துகளின் மேல் கட்டம்கட்டி அச்சிட்டுவந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது.

அப்படியானால் எல்லோரும் உண்ணலாமா? கூடாது! மார்புப் புற்று வந்தவர், கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர், பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர், கல்லீரல் கெட்டவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர் — இவர்கள் உண்ணக்கூடாது. 'அமுதம்' என்று 1966இல் கூவியதும் தவறு. 'நஞ்சு' என்று 2002இல் அலறியதும் தவறு. ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, நோயைப் பார்த்து, அளந்து தரவேண்டிய மருந்து அது. மருந்துக்கடையிலே பெயர் சொல்லி வாங்கும் பண்டமல்ல.

ஹார்மோன் கூடாதவர்க்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள், குறைந்த அளவிலே தந்தால் எரிச்சலைக் குறைக்கின்றன. கபாபென்டின் என்ற மருந்தும் உதவுகிறது. மூளையின் அந்தச் சூட்டு மையத்திலேயே வேலைசெய்யும் ஃபெசோலினெடன்ட் என்ற புதுமருந்துக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. மனப்பயிற்சி முறையும் பயன் தருகிறது. வறட்சிக்கு, அந்த இடத்திலே மட்டும் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு. அது உடம்பெங்கும் பரவுவது மிகச் சொற்பம். எலும்புக்கோ, கடையிலே விற்கிற வண்ணப் புட்டியைத் தேடவேண்டாம். 100 கிராம் கேழ்வரகிலே 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணச்சத்து இருக்கிறது. கூழும் களியும் ஏழையின் உணவென்று இகழ்ந்தோமே, அதுதான்! அதோடு முருங்கைக் கீரை, மோர், காலை வெயிலில் நடை. 'ஏழே நாளில் இளமை' என்று சுவரொட்டி ஒட்டுகிறவனிடம் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்.

எச்சரிக்கை ஒன்று, இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு உதிரம் கண்டாலும், அது 'மறுபடி வந்த இளமை' அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அப்படிப் போகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்று கண்டறியப்படுகிறது. தொடக்கத்திலே கண்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தேவையில்லாதபோது கத்திக்கு ஓடுகிறோம். தேவையானபோது வெட்கப்பட்டு வீட்டிலே இருக்கிறோம். இந்தத் தலைகீழ் வழக்கம் மாறவேண்டும்.

"எங்கள் பாட்டி காலத்திலே இதெல்லாம் இருந்ததா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. இருந்தது ஐயா, இருந்தது! சொல்ல நாதியில்லை. அதுமட்டுமல்ல, நாடு விடுதலை பெற்ற நாளில் இந்தியரின் சராசரி ஆயுள் 32ஐ ஒட்டி இருந்தது. பிள்ளைப் பருவத்திலே செத்தவர் போக, பிள்ளைப்பேற்றிலே செத்தவர் போக, விலக்கு நிற்கும் வயதைக் கண்டவளே குறைவு. இன்று ஆயுள் 70ஐ எட்டியிருக்கிறது. விலக்கு நின்றபின் ஒரு பெண் இருபத்தைந்து ஆண்டு வாழ்கிறாள். வாழ்நாளிலே மூன்றில் ஒரு பங்கு! அந்தப் பங்கைத்தான், 'இனி எதுக்கு' என்று நாம் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறோம். மாதந்தோறும் வந்தபோது 'தீட்டு' என்று கொல்லையிலே உட்காரவைத்தோம். நின்றபோது 'தீர்ந்தது' என்று மூலையிலே உட்காரவைக்கிறோம். வந்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம் என்றால், குற்றம் பெண்ணிடமா, நம் எண்ணத்திடமா?

இது வீட்டு விவகாரம் மட்டுமல்ல; தொழிற்சங்க விவகாரமும்கூட. அந்தத் தோழரின் துணைவியார் பனியன் கம்பெனியிலே செக்கிங் வேலை பார்க்கிறார். நாளெல்லாம் நின்றபடி வேலை. காற்றாடி துணியைப் பறக்கவிடும் என்று அணைத்துவைத்திருக்கிறார்கள். கழிப்பறைக்கு இரண்டாம் முறை போனால் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எரிச்சல் வந்து இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறைகிறது. நாம் பேச்சுவார்த்தை மேசையிலே போனஸ் கேட்கிறோம், பஞ்சப்படி கேட்கிறோம். குடிநீரும் காற்றும் கழிப்பறையும், உட்கார ஒரு முக்காலியும் கேட்டிருக்கிறோமா? அடுத்த கோரிக்கைப் பட்டியலிலே இவை இடம்பெறவேண்டும்.

அரசையும் கேட்போம். கருவுற்றால் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருகிறார். எடை பார்க்கிறார், இரத்தம் பார்க்கிறார், ஊசி போடுகிறார். நல்லது, பாராட்டுகிறோம். கருவோட்டம் ஓய்ந்தபின் அதே வீட்டுக்கு அதே செவிலியர் வந்து, "எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டால் ஆகாதா? ஆரம்ப சுகாதார நிலையத்திலே வாரம் ஒரு பிற்பகல் நாற்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்கென ஒதுக்கினால் ஆகாதா? தேவைப்படும் மருந்தை அங்கேயே விலையின்றித் தந்தால் ஆகாதா? தாயாகும் வரைதான் பெண்ணுக்கு மருத்துவமா?

அந்தத் தோழரின் கதையை முடிக்கவேண்டுமல்லவா? கடன் மனுவை வாங்கி மேசையிலே வைத்தேன். "அண்ணா, பணம் தரச் சங்கம் தயார். ஆனால் அதற்குமுன் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டுவோம்" என்றேன். எங்கள் மகளிர் பிரிவுத் தோழியர் ஒருவர் உடன் போனார். அங்கே பெண் மருத்துவர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், உட்சவ்விலே சிறிது எடுத்துச் சோதித்தார், இரத்தச்சோகை இருக்கிறது என்று அதற்கு மாத்திரை தந்தார், போக்கைக் கட்டுப்படுத்த மருந்து தந்தார். "கத்திக்கு இங்கே வேலையில்லை" என்று சொல்லிவிட்டார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எரிச்சல் இன்னும் வருகிறதாம், முன்போல் இல்லையாம், இரவிலே உறக்கம் கூடியிருக்கிறதாம்.

தோழர் சொன்ன ஒரு செய்திதான் என் நெஞ்சிலே நிற்கிறது. மருத்துவர் அறையிலே, "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார்களாம். அந்த அம்மையார், "மூணு வருசமா" என்றாராம். "மூணு வருசமா, தம்பி! ஒரே வீட்டுலதாங்க இருந்தோம். நான் ஒரு நாளும் கேக்கவே இல்லீங்களே!" என்றார் அவர். மறியலிலே தடியடி பட்டபோதும் கலங்காதவர், அன்று கண் கலங்கினார்.

கேட்கவே இல்லை! தோழர்களே, அந்தக் குற்றத்திலே நாம் எல்லோரும் கூட்டாளிகள். இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போங்கள். துணைவியாரிடமோ, அக்காளிடமோ, அம்மாவிடமோ, "உடம்பு எப்படி இருக்கிறது? உறக்கம் வருகிறதா?" என்று கேளுங்கள். முதலில் வியப்பார்கள், பிறகு சொல்வார்கள். சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டபின் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எவனாவது, 'இனி அது எதுக்கு?' என்று கேட்டால், "அவள் இன்னும் இருபத்தைந்து ஆண்டு வாழவேண்டும், அதற்காக!" என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

செய்வீர்களா? என் தாயாரிடம் கேட்கத் தவறிய நான், உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.